ஆடியில் கொடுத்த வண்டி

தேதி விஷயத்தில் வேதாவிடம் யாருடைய பருப்பும் வேகாது. சேலையூர்ப் பக்கம் ஒரு உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் முப்பத்துமூன்று வருஷம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவள். எத்தனை ஆயிரம் மாற்றுச் சான்றிதழ் அவள் கையெழுத்தில் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று மூன்று கட்டம். மூன்றிலும் எழுதுவதற்கு முன் ஒரு தடவையும் எழுதிய பின் ஒரு தடவையும் சரிபார்ப்பாள். தலைமையாசிரியரே வந்து கேட்டாலும் ஒரு நாள் முன்னே பின்னே போட மாட்டாள்.

ஒரு தடவை ப்ரியா என்று ஒரு குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தது ஆகஸ்ட் மூன்று. "மூணு நாள்தானே மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்" என்று அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேதா அசைந்து கொடுக்கவில்லை. குழந்தைக்கு ஒரு வருஷம் போயிற்று. அதற்காக வேதா வருத்தப்பட்டாளா என்றால், பட்டாள். அடுத்த வருஷம் அதே குழந்தைக்குச் சேர்க்கை எழுதும்போது தன் காசில் ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கிக் கொடுத்தாள். தேதி மட்டும் தேதிதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷி ஒரு பொய்த் தேதி போட்டாள் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர்கூட நம்பாது. ஆனால் போட்டாள். அறுபத்திரண்டாவது வயதில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, அழகான கையெழுத்தில் போட்டாள்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. அவள் புருஷன் பட்டாபிராமன் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வெள்ளைக் கார். ஓட்டியதைவிடத் துடைத்தது அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் அந்த வாரத்துக்கு அதன் வேலை முடிந்தது. போன வருஷம் ஆகஸ்டில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வேதாவுக்கு ஓட்டத் தெரியாது. ஒரே பிள்ளை பிரணவ் அயர்லாந்தில் வேலையில் இருந்தான். வாசலில் உறை போட்டு நின்ற காருக்கு அடியில் பூனை குட்டி போட்டது. தெரு வாட்ஸ்அப் குழுவில் 'நீண்ட நாளாக நிற்கும் வாகனம்' என்று யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். யாரென்று தெரியாதா என்ன? எதிர் வீடுதான்.

அப்பாவின் முதல் வருஷத் திதிக்காக இந்த ஜூலையில் பிரணவ் வந்தான். ஆகஸ்ட் முப்பது வரை வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதாக ஏற்பாடு. வந்த நாலாம் நாளே, "அம்மா, நான் போறதுக்குள்ள இந்தக் காரைக் கொடுத்துடலாம்" என்றான்.

கொடுக்கலாம்தான். ஆர்.சி. எங்கே? பீரோவைக் கவிழ்த்தார்கள். தொண்ணூற்றெட்டில் காஸ் கனெக்ஷன் வாங்கிய காகிதம் கிடைத்தது. இருபது வருஷம் முன்னால் விற்ற ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகம் புத்தம் புதிதாகக் கிடைத்தது. இந்தக் காருடையது மட்டும் கிடைக்கவில்லை. பட்டாபிராமனைக் கேட்கலாம் என்று ஒரு கணம் வேதாவுக்குத் தோன்றியது. அப்புறம் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

வாங்க வந்தது படப்பை சிட்டிபாபு. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் மனைகளாகிவிட, இப்போது ஹாலோ பிளாக்கும் எம்-சாண்டும் விற்கிறான். அவன் மகள் தீபா வேதாவின் பள்ளியில்தான் படித்தாள். அந்தப் பழக்கம். அவனுடைய கார் இன்ஜின் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் உடனே ஒரு வண்டி வேண்டியிருந்தது.

"ஆர்.சி. இல்லன்னா இன்னாக்கா? சார் பேர்லேந்து உங்க பேருக்கு, உங்க பேர்லேந்து எனக்கு. எல்லாம் ஒரே இழுப்புல முடிச்சிரலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸாண்ட நம்ம ஆள் கீறாரு. நீங்க டெலிவரி லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க" என்றான்.

கூடவே வந்திருந்தாள் அவன் அம்மா தாயாரம்மாள். அவளுடைய கவலை ஆர்.சி. பற்றியதே இல்லை.

"ஆடி மாசம் டீச்சரம்மா. ஆடில போயி யாராவது வண்டி வாங்குவாங்களா? இவன் கேக்க மாட்டேங்கறான்." வேதா ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களெல்லாம் தாயாரம்மாளுக்கு டீச்சரம்மாதான்.

"ஆவணி வரிக்கும் நான் நடந்தா பொழப்புக்குப் போவ முடியும்? எம்மா, பேஜார் பண்ணாத" என்றான் மகன்.

கடைசியில் வழி சொன்னதும் தாயாரம்மாள்தான். வண்டியை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகட்டும். காகிதத்தில் மட்டும் ஆவணி முகூர்த்த நாள் இருக்கட்டும். "ஆவணி நாலு, பொதங்கெழம. காத்தால ஒம்போதே கால். நல்ல நேரம். அத்தப் போட்டு எழுதிக் குடு தாயி. வாங்கினது ஆவணிலன்னு ஆயிடும்."

வேதா பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். அன்றைக்கு ஜூலை இருபத்தைந்து, ஆடி வெள்ளி. முடியாது என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் இவர்கள் போய்விடுவார்கள். மறுபடியும் அந்தக் கார் வாசலிலேயே நிற்கும். மறுபடியும் பூனை, வாட்ஸ்அப், எதிர் வீடு. தினமும் கதவைத் திறந்தால் அவர் துடைத்துக்கொண்டு நிற்கிறாரோ என்று ஒரு நொடி பிரமை. ஒரு வருஷமாகச் சாவுச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், பேங்க் என்று அலைந்து அலைந்து அவளுக்கு எலும்புக்குள் அலுத்துப்போயிருந்தது. தாயாரம்மாளின் கண்ணிலோ நிஜமான பயம். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

எழுதினாள். ஆகஸ்ட் 20, காலை 9.15. 'மேற்படி நேரம் வரை இவ்வாகனத்தின் பேரில் ஏற்படும் வழக்கு, விபத்து அனைத்துக்கும் நாங்களே பொறுப்பு; அதன் பிறகு வாங்கியவரே பொறுப்பு.' எல்லோரும் எழுதுகிற வாசகம்தான். ஒரு பிரதி அவனுக்கு, ஒன்று அவளுக்கு.

சிட்டிபாபு காரை எடுத்தான். தாயாரம்மாள் அதில் ஏறவில்லை. "ஆடில நான் அதுல குந்த மாட்டேன். முடிச்சூர் ரோட்டாண்ட பூஜ ஒண்ணு போட்டுக்கினு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கார் முன்னால் போக, ஷேர் ஆட்டோவில் பின்னால் போனாள். பிரணவ் சிரித்தான். வேதாவும் சிரித்தாள். வாசல் காலியாக இருந்தது. அன்று மத்தியானம் வெகு நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினாள்.

ஆகஸ்ட் இருபத்தைந்து காலை ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"பட்டாபிராமன் வீடுதானேம்மா? அவரக் கூப்பிடுங்க."

"அவர் போயிட்டாரே."

"எப்ப வருவாரு?"

வேதா உள்ளே பார்த்தாள். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. கான்ஸ்டபிளும் அதைப் பார்த்துவிட்டு, "சாரிம்மா" என்று தொப்பியைக் கழற்றினார். கழற்றிவிட்டு, "அப்ப நீங்க வாங்க. உங்க பையனையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

படப்பைப் பக்கத்து ஸ்டேஷனில் எஸ்.ஐ. சுபத்ரா முப்பது வயதுப் பெண். குரலை உயர்த்தவில்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி விடியற்காலை, மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்ற பாலு என்கிற ஒப்பந்தத் தொழிலாளியை ஒரு வெள்ளைக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. டீக்கடைக் கேமராவில் நம்பர் இருக்கிறது, ஓட்டியவன் முகம் இல்லை. நம்பரைப் போட்டுப் பார்த்தால் பெயர் பட்டாபிராமன். கார் அகப்பட்டது சிட்டிபாபுவிடம். அவனைக் கேட்டால், வாங்கியதே இருபதாம் தேதிதான், வாங்கும்போதே முன்பக்கம் நசுங்கித்தான் இருந்தது என்று வேதாவின் கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறான்.

"வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் மேடம் யார் ஓட்டினாங்கன்னு சொல்லணும். அவர் இல்லன்னா, வண்டி யார் கையில இருந்துச்சோ அவங்க. ஆறாம் தேதி உங்க கையிலதான் இருந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியாது. வீட்ல லைசென்ஸ் இருக்கிறது உங்க பையன் ஒருத்தருக்குத்தான்."

பிரணவ் எழுந்துவிட்டான். "மேடம், நான் சனிக்கிழமை கிளம்பணும். வேலை போயிடும்."

"பாஸ்போர்ட்ட இங்க வச்சுட்டுப் போங்க சார். வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி வேற ஆள் கையில இருந்துச்சுன்னு ஏதாவது ஒரு ஆதாரம் கொண்டாங்க. இல்லன்னா உங்க பேர்லதான் போடணும்."

"அந்தத் தேதி பொய்" என்றாள் வேதா. "நான்தான் மாத்திப் போட்டேன். ஆடி மாசம்னு அவா கேட்டுண்டா."

எஸ்.ஐ. அந்தக் கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "இப்ப எது பொய்ன்னு நான் எப்படி மேடம் சொல்றது?"

அந்தக் கேள்வி வேதாவுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேரிடம் அவளே கேட்டிருக்கிறாள்! வெளியே வந்த பிறகுதான், இடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று தான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஆறு மாசத்துக்கு வேலைக்குப் போக முடியாது என்றார்கள்.

ஸ்டேஷன் முற்றத்தில் கார் நின்றது. முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்து. கண்ணாடியில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் மூன்று இடத்தில் அப்பியிருந்தன. பட்டாபிராமன் இருந்தால் ஈரத் துணியோடு ஓடி வந்திருப்பார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை படப்பைக்குப் போனாள். பிரணவ் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சிட்டிபாபு அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "நான் இன்னாக்கா பண்றது? லெட்டர்ல நீங்கதான கையெழுத்துப் போட்டுக்கீறீங்க. இருபதாம் தேதிக்கு முன்னாடி வண்டி உங்களுது. நான் சொல்லல, நீங்க எழுதுனது."

"சிட்டிபாபு, உன் பொண்ணு டி.சி.ய என் கையால எழுதினேன். என் பிள்ளை வாழ்க்கை போயிடும்ப்பா."

அவன் போனை எடுத்துக்கொண்டு பிளாக் அடுக்கியிருந்த பக்கம் நடந்துவிட்டான். வேதா தாயாரம்மாளிடம் திரும்பினாள். அவள் முருங்கைக்கீரையை உருவியபடி தலை குனிந்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்கோ. ஆடியில வண்டி இங்க வரலையா?"

"ஆடில அந்த வண்டி எங்க வாசப்படி தாண்டி வூட்டுக்குள்ள வரல டீச்சரம்மா. சத்தியமா வரல" என்றாள் தாயாரம்மாள்.

பொய் சொல்கிறவர்களை வேதா நிறையப் பார்த்திருக்கிறாள். இது பொய் இல்லை. வீட்டுக்குள் வரவில்லைதான். பிளாக் யார்டில் நிறுத்தியிருப்பார்கள். வாசற்படிக்குள் விட்டிருந்தால் அல்லவா ஆடி ஒட்டிக்கொள்ளும்? சாமிக்குப் பொய் சொல்லாமல் போலீசுக்குப் பொய் சொல்ல இந்த அம்மாள் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டாள். வேதாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வரும் பஸ் முடிச்சூர் ரோட்டில் ஒரு பிள்ளையார் கோயில் எதிரே நெரிசலில் நின்றது. புது மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார் குருக்கள். வண்டி விளக்கின் மேல் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஓட்டுகிறவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது.

தாயாரம்மாள் போடச் சொன்ன பூஜை ஞாபகம் வந்தது. வேதா எழுந்து, கண்டக்டர் கத்தக் கத்த இறங்கினாள். சீட்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு அடிக்கட்டை இருந்தே தீரும். இது அவளுக்கு வேதம்.

கோயில் கவுன்ட்டரில் இருந்தவர் பெயர் சூர்யநாராயணன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "போன மாசத்துச் சீட்டா? அதெல்லாம் வெளியாளுக்குக் காட்டறதில்லைம்மா."

"நானும் முப்பத்துமூணு வருஷம் சீட்டுப் புஸ்தகம் வச்சிண்டு உக்காந்தவதான் சார். எனக்குக் குடுக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம். ஜூலை இருபத்தஞ்சு, ஆடி வெள்ளி. நீங்களே பாருங்கோ. ஒரு வண்டி நம்பர் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கோ." கார் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள். "என் பிள்ளைக்காக."

ஆடி வெள்ளி என்பதால் அன்றைக்கு மட்டும் இரண்டு புத்தகம் தீர்ந்திருந்தது. எச்சில் தொட்டுத் தொட்டு அவர் புரட்டினார். வேதா ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தேழாவது சீட்டில் அவர் விரல் நின்றது. வாகன பூஜை. சிட்டிபாபு, திருவாதிரை நட்சத்திரம். அதன் கீழே பட்டாபிராமனின் கார் நம்பர், நாலு இலக்கமும் தெளிவாக.

"ஸ்டேஷன்லேந்து எழுதிக் கேட்டா புஸ்தகத்தோட வரேன்மா" என்றார் சூர்யநாராயணன். வேதா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நடைப்பக்கம் போய்ப் பிள்ளையாரைக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் அந்தப் புத்தகம் மேஜைமேல் விரிந்திருந்தது. சிட்டிபாபு அதைப் பார்த்தான். எஸ்.ஐ.யைப் பார்த்தான். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஓட்டினது தான்தான். மணல் லோடு விஷயமாகப் போன் வந்தது, ஒரு நிமிஷம் குனிந்தான், நிமிர்ந்தபோது ஆள் விழுந்துவிட்டான். நிறுத்தலாம் என்றுதான் நினைத்தான், கால் பிரேக்கில் போகவில்லை.

"இருபதாம் தேதின்னு லெட்டர் இருந்திச்சா மேடம். அத்தப் பாத்ததும் ஒரு தைரியம் வந்திடிச்சு" என்றான்.

பிரணவின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்த எஸ்.ஐ., "உங்க வேலை இன்னும் முடியல மேடம்" என்றாள். "ரெக்கார்டுல இன்னும் சார்தான் ஓனர். அந்த பாலு நஷ்ட ஈட்டுக்குக் கேஸ் போட்டா நோட்டீஸ் சார் பேருக்குத்தான் வரும். வாரிசுன்னு நீங்க போய் நிக்கணும். பேர் மாத்தாம வண்டியக் குடுத்துட்டீங்க, அதுக்கு இதான். இப்ப, லெட்டர்ல தேதிய ஏன் மாத்தினீங்கன்னு ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுங்க."

வராண்டா பெஞ்சில் எழுதச் சொன்னார்கள். அங்கே தாயாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். தன்னைத் திட்டப்போகிறாள் என்று வேதா நினைத்தாள். இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பாளோ என்றும் நினைத்தாள். தாயாரம்மாள் இரண்டும் செய்யவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"ஆடில வாங்கினா ஆவாதுன்னு அப்பவே சொன்னேனே, பாத்தியா டீச்சரம்மா?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காயிதத்துலதான மாத்தினோம். ஆடிக்குத் தெரியாதா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஒருத்தி பிள்ளை உள்ளே, ஒருத்தி பிள்ளை வெளியே. வேதா எழுத ஆரம்பித்தாள்.

வேகமாகத்தான் எழுதினாள். எப்போது கொடுத்தது, யார் கேட்டது, தான் ஏன் சம்மதித்தது எல்லாம். 'அவர்கள் பயந்தார்கள். எனக்கும் அலுப்பாக இருந்தது' என்று எழுதியபோது மட்டும் பேனா நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத ப்ரியாவின் அம்மா ஞாபகம் வந்தாள். அவளுக்கு மூன்று நாள் கொடுக்காத கை, இவர்களுக்கு இருபத்தாறு நாள் கொடுத்துவிட்டது. பாலுவின் காலும் அந்த இருபத்தாறு நாளுக்குள்தான் முறிந்தது. தேதி சரியாக இருந்திருந்தாலும் முறிந்திருக்கும்தான். ஆனால் இடித்தவனுக்கு ஒளிய இடம் இருந்திருக்காது, அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

எஸ்.ஐ. வாங்கிப் படித்தாள். "கையெழுத்துக்குக் கீழ தேதி போடலியே மேடம்."

முப்பத்துமூன்று வருஷத்தில் வேதா விட்ட முதல் தேதி அதுதான். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்னடா தேதி?" என்று பிள்ளையைக் கேட்டாள்.

"இருபத்தெட்டும்மா."

அவள் எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் பக்கத்தில் போய் நின்றாள். அதில் இருபத்தேழு என்று இருந்தது. யாரும் இன்னும் கிழிக்கவில்லை. வேதா அந்தத் தாளைக் கிழித்துப் பக்கத்திலிருந்த ஆணியில் குத்தி, இருபத்தெட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, தேதியைப் போட்டாள்.